கேள்வி-பதில்: அதிபரை யார் கேட்பது?

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அமெரிக்க அதிபர்களைப் பற்றியவை. சிலர் வெளுத்து வாங்கியிருக்கிறார்கள். சிலர் "அவர்தான் சார் ஆளு, சொன்னா செய்யறாரு" என்று எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

நினைத்தவுடன் எந்த நாட்டின் மீதும் குண்டு போட அமெரிக்க அதிபருக்கு அதிகாரம் இருக்கிறதா? அப்படியானால் அங்கே நாடாளுமன்றம் எதற்கு? (மயிலாப்பூர் வாசகர்)

சட்டப்படி இல்லை. அதிபர் முப்படைகளுக்கும் தளபதி, ஆனால் போரை அறிவிக்கும் அதிகாரம் அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத்தான். நடைமுறை வேறு. அவர்கள் கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. கொரியா, வியட்நாம், இராக் எதற்கும் போர் அறிவிப்பு கிடையாது.

வியட்நாமில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு 1973-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். படையைச் சண்டைக்கு அனுப்பினால் 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸுக்குத் தகவல் தர வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும், படையைத் திரும்ப அழைக்க மேலும் 30 நாள். நிக்சன் வீட்டோ செய்தார், அதையும் மீறி நிறைவேற்றினார்கள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வக்கீல் வேலை. 2011-இல் லிபியாவில் 60 நாள் தாண்டியதும் ஒபாமா நிர்வாகம் என்ன சொன்னது தெரியுமா? அங்கே நடப்பது அந்தச் சட்டம் சொல்கிற 'சண்டை'யே இல்லையாம்! மேலே விமானம் குண்டு போட்டுக்கொண்டிருக்கிறது, கீழே சண்டை இல்லை. 2025 ஜூனில் டிரம்ப் ஈரானின் ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் அணு நிலையங்களைத் தாக்கியபோதும் காங்கிரஸிடம் முன்கூட்டி ஒப்புதல் வாங்கவில்லை. அதைக் கட்டுப்படுத்த வந்த தீர்மானம் செனட்டில் 47-53 என்று தோற்றது.

என் கோபம் அதிபர்கள் மீது பாதி, காங்கிரஸ் மீது பாதி. 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்த மூன்றே நாளில் பிரதிநிதிகள் சபை 420-1 என்ற கணக்கில் அதிபருக்குப் படைபல அனுமதி கொடுத்தது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர் பார்பரா லீ ஒருவர் மட்டும். அல்-கொய்தாவுக்காகக் கொடுத்த அந்தக் காகிதத்தைக் காட்டியே அடுத்தடுத்த அதிபர்கள் ஏமன், சோமாலியா, சிரியா வரை போனார்கள். உறுப்பினர்களுக்கும் அது வசதிதான். ஓட்டுப் போட்டால் பெயர் பதிவாகிவிடும். 2002-இல் இராக் போருக்கு ஆதரவாக ஓட்டளித்தது 2008-இல் ஹிலாரி கிளின்டனை எவ்வளவு படுத்தியது என்று எல்லோரும் பார்த்தார்கள்.

ஈரான் ஒப்பந்தத்தை டிரம்ப் கிழித்துப் போட்டதில் நமக்கென்ன நஷ்டம்? (மணலி வாசகர்)

மணலியிலிருந்து இந்தக் கேள்வி வந்ததுதான் வேடிக்கை. உங்கள் ஊர் சுத்திகரிப்பு ஆலையில் ஈரானுக்கே பங்கு இருக்கிறது, சார். 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் தொடங்கியபோது இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் மூன்றும் கூட்டாளிகள். அமெரிக்காவும் ஈரானும் ஒரே பந்தியில் உட்கார்ந்த காலம் அது. அந்த மெட்ராஸ் ரிஃபைனரீஸ்தான் இன்றைய சிபிசிஎல் (சென்னை பெட்ரோலியம்). அதிலும் ஈரான் நிறுவனமான நாஃப்டிரானுக்கு 15.4 சதவீதப் பங்கு உண்டு.

ஒபாமா காலத்தில் போட்ட 2015 அணுசக்தி ஒப்பந்தம் ஈரானின் யுரேனியச் செறிவை 3.67 சதவீதத்தில் கட்டிவைத்தது. ஈரான் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று சர்வதேச அணுசக்தி முகமை திரும்பத் திரும்ப அறிக்கை கொடுத்தது. டிரம்பின் பாதுகாப்பு அமைச்சர் மேட்டிஸே, ஒப்பந்தத்தில் நீடிப்பதுதான் நாட்டுக்கு நல்லது என்று 2017-இல் செனட் குழு முன் சொன்னார். 2018 மே 8 அன்று டிரம்ப் விலகினார். 2021-இல் ஈரான் 60 சதவீதச் செறிவுக்குப் போய்விட்டது. 2025-இல் குண்டு போட்டுத் தடுக்கப் பார்த்தது, 2018 வரை கையெழுத்தால் கட்டுப்பட்டிருந்த ஒன்றைத்தான்.

நமக்கு நஷ்டம் நேரடியானது. ஈரான் எண்ணெய் 60 நாள் கடனில் கிடைத்தது, கப்பல் செலவிலும் சலுகை. விலகிய பிறகு ஈரான் எண்ணெய் மீது திரும்ப விதித்த தடையிலிருந்து அமெரிக்கா கொடுத்த ஆறு மாத விலக்கு முடிந்ததும் 2019 மே மாதம் இந்தியா வாங்குவதை நிறுத்திவிட்டது. அந்த முடிவை எடுக்கும்போது யாரும் டெல்லியிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை.

ஆனால் டிரம்பை மட்டும் திட்டி முடித்துவிட முடியாது. ஒபாமா அந்த ஒப்பந்தத்தை செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் தேவைப்படும் உடன்படிக்கையாகக் கொண்டுபோகவே இல்லை. போனால் தோற்றிருக்கும், அது அவருக்கே தெரியும். அதிபரின் கையெழுத்தில் நின்ற ஒன்றை அடுத்த அதிபரின் கையெழுத்து கலைத்தது.

சிரியாவில் 'சிவப்புக் கோடு' என்று சொல்லிவிட்டு ஒபாமா பின்வாங்கியது பலவீனம்தானே? (ஆதம்பாக்கம், குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் வாசகி)

தேர்வில் இரண்டு பக்கத்தையும் எழுதிவிடும்மா, மதிப்பெண் போகாது. என் கருத்தைக் கேட்டால், பின்வாங்கியது தப்பில்லை, கோடு கிழித்ததுதான் தப்பு. ரசாயன ஆயுதத்தைப் பயன்படுத்தினால் அது சிவப்புக் கோட்டைத் தாண்டுவது என்று 2012 ஆகஸ்டில் செய்தியாளர் சந்திப்பில் சொன்னார். மறு ஆகஸ்டில் சிரியாவின் கூட்டா பகுதியில் ரசாயனத் தாக்குதல் நடந்ததும் அந்தச் சொல்லே அவர் கழுத்தில் மாட்டிக்கொண்டது. தாக்கும் முன் காங்கிரஸைக் கேட்கலாம் என்று அவர் முடிவு செய்தது, தன் தலைமை அலுவலரோடு வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் நடந்துகொண்டே. வெளியுறவு அமைச்சர் கெர்ரிக்கும் பாதுகாப்பு அமைச்சர் ஹேகலுக்கும் பிறகுதான் தகவல். இந்தக் கடைசி விஷயத்தை எழுதினால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

டிரம்ப் 2017 ஏப்ரலில் 59 டொமஹாக் ஏவுகணைகளை சிரியாவின் ஷைராத் விமானத் தளத்தின் மீது ஏவினார். பார்க்க வீரமாக இருந்தது. அடுத்த ஆண்டு மறுபடியும் தாக்க வேண்டிவந்தது.

செல்போன் குழுவில் போர் ரகசியம் பேசினார்களாமே, உண்மையா? (பல்லாவரம் வாசகர்)

உண்மை. 2025 மார்ச்சில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் மீதான தாக்குதலைப் பற்றி சிக்னல் செயலியில் குழு ஆரம்பித்தார்கள். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் வால்ட்ஸ் அதில் ஒரு பத்திரிகை ஆசிரியரையும் தவறுதலாகச் சேர்த்துவிட்டார். விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பது வரை அந்த ஆசிரியர் படித்தார். அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில்கூட வெளியாள் வந்தால் யாராவது "இவர் யார்?" என்று கேட்பார்கள். மே மாதம் வால்ட்ஸ் பதவி போயிற்று. அந்தப் பொறுப்பையும் வெளியுறவு அமைச்சர் ரூபியோவிடமே கொடுத்தார்கள். நிக்சன் காலத்துக் கிஸிஞ்சருக்குப் பிறகு இரண்டு நாற்காலியிலும் ஒருவரே உட்கார்ந்தது அப்போதுதான்.

இப்போதுதான் இப்படி, அந்தக் காலத்து அதிபர்கள் நிதானமானவர்கள் என்கிறேன். சரியா? (பெரம்பூர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்)

ஐயா, 1971 டிசம்பரில் உங்களுக்கு நினைவு தெரிந்த வயது இருக்கும். நாம் பாகிஸ்தானோடு போரில் இருந்தபோது எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலை நம் வங்கக் கடலுக்கு அனுப்பியவர் அந்தக் காலத்து அதிபர் நிக்சன்தான்.

அதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். கிழக்கு வங்கத்தில் (இன்றைய பங்களாதேஷ்) பாகிஸ்தான் ராணுவம் ஆட்களைக் கொன்று குவித்தபோது, டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட், ஏப்ரல் 6 அன்று வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பினார். அமெரிக்க அரசு ஒழுக்கமே இல்லாமல் நடக்கிறது என்பது அதன் சாரம். 20 அதிகாரிகள் பெயர் போட்டுக் கையெழுத்திட்டிருந்தார்கள். அரசாங்க உத்தியோகத்தில் இருந்த உங்களுக்கு அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. பிளட்டை அங்கிருந்து மாற்றிவிட்டார்கள். அதே மாதக் கடைசியில் வந்த கோப்பில், பாகிஸ்தான் அதிபர் யாஹியா கானை இப்போது நெருக்காதீர்கள் என்று நிக்சன் தன் கையாலேயே எழுதினார். 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு அடியில் மூன்று கோடு.

காரணம், யாஹியா கான் சீனாவுக்குப் போகும் ரகசிய வழி. ஜூலையில் கிஸிஞ்சர் பாகிஸ்தான் வழியாகத்தான் பெய்ஜிங் போனார். சீன உறவு பெரிய சாதனை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நேரில் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரியை வெளியே தள்ளிவிட்டு நிக்சனும் கிஸிஞ்சரும் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு நடத்தியதால், இந்தியா ஆகஸ்டில் சோவியத்துடன் ஒப்பந்தம் போட்டது, டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் சரணடைந்தது. எண்டர்பிரைஸ் வந்ததுதான் மிச்சம்.

டிரம்பைத் திட்டி முகநூலில் எழுதினால் மகனுக்கு விசா கிடைக்காமல் போகுமா? (நங்கநல்லூர் வாசகி)

எழுதுவது நீங்களா, பையனா? மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்று 2025 ஜூனில் விதி வந்தது. பையன் அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் வரிசையில் நிற்கும் முன் தன் பழைய பதிவுகளை ஒருமுறை படித்துக்கொள்ளட்டும்.

அவர்களை மட்டும் சொல்கிறீர்களே, நம் குடியரசுத் தலைவரை இப்படி யாரும் விமர்சிப்பதில்லையே? (ராயபுரம், மீன் வியாபாரி)

நம் குடியரசுத் தலைவர் அமைச்சரவை ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும், அரசியலமைப்பின் 74-ஆவது பிரிவு. எனவே விமர்சனம் பிரதமருக்குப் போகிறது. ஆனால் நம் பக்கம் கடிவாளம் அமெரிக்காவைவிடத் தளர்ச்சி. அங்கே உடன்படிக்கை என்றால் செனட் வேண்டும். இங்கே மத்திய அரசு கையெழுத்திட்டால் போதும், நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமில்லை.

கடலோடு தொழில் செய்பவர் நீங்கள், கச்சத்தீவைச் சொன்னால் புரியும். 1974 ஜூனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது ஆகஸ்டில். நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுப்பதென்றால் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்று மேற்கு வங்கத்தின் பெருபாரிப் பகுதியைப் பாகிஸ்தானோடு பகிரும் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1960-லேயே சொல்லியிருந்தது. பங்களாதேஷுடன் நிலப்பகுதிகளை மாற்றிக்கொள்ள 2015-இல் 100-ஆவது திருத்தம் வந்ததும் அதனால்தான். கச்சத்தீவுக்கு மட்டும் திருத்தம் இல்லை. அது தகராறில் இருந்த தீவு, எல்லையை வரையறுத்தோமே தவிர எதையும் கொடுக்கவில்லை என்பது டெல்லியின் வாதம். 2008-இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது பெருபாரித் தீர்ப்பைத்தான் கையில் எடுத்தார்.