வாசகர் கேள்வி – பதில்: வரி வழக்கு போராக மாறியது எப்போது?

கேள்வி: இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் வரி கேட்டார், நாடாளுமன்றம் மறுத்தது, உள்நாட்டுப் போர் மூண்டது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். "வரித் தகராறுக்காக ஒரு நாடே ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளுமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?
– பள்ளி ஆசிரியை, குடியாத்தம்

பதில்: அந்த மாணவியின் ஐயம் மிகவும் நியாயமானது. சார்லஸ் அரியணை ஏறியது 1625-இல். போர் மூண்டது 1642-இல். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளும் மன்னருக்கும் மன்றத்துக்கும் பணத்தை முன்னிட்டுப் பூசல் இருந்துகொண்டேதான் இருந்தது. ஆயினும் இங்கிலாந்தில் யாரும் வாளை உருவவில்லை.

மன்றத்தின் இசைவின்றி வரி விதிப்பதில்லை, காரணம் காட்டாமல் எவரையும் சிறையில் அடைப்பதில்லை என்ற உரிமை விண்ணப்பத்தை 1628-இல் ஏற்றுக்கொண்ட மன்னர், மறு ஆண்டே மன்றத்தைக் கலைத்துவிட்டுப் பதினோரு ஆண்டுகள் அதைக் கூட்டாமலே ஆண்டார். அக்காலத்தில் அவர் கையாண்ட வழிகளுள் பெயர்பெற்றது கப்பல் வரி. ஆபத்துக் காலத்தில் கடலோர ஊர்கள் கடற்படைக்காகக் கொடுத்து வந்த அந்த வரியை, 1635-இல் கடலையே காணாத உள்நாட்டு வட்டாரங்களுக்கும் அவர் விரித்தார். பழவேற்காட்டுத் துறைக்குக் காவல் கப்பல் விடுவதற்காகக் குடியாத்தத்து நெசவாளரிடம் பணம் கேட்டால் எப்படி இருக்கும் என்று உங்கள் மாணவியரைக் கேட்டுப் பாருங்கள். ஜான் ஹாம்டன் என்ற நிலக்கிழார் தம் பங்கைக் கட்ட மறுத்தார். வழக்கில் நின்ற தொகை வெறும் 20 ஷில்லிங். பன்னிரண்டு நீதிபதிகளுள் ஏழு பேர் மன்னர் பக்கமும் ஐந்து பேர் ஹாம்டன் பக்கமும் தீர்ப்பளித்தனர். வழக்கில் தோற்றவரும் ஆயுதம் ஏந்தவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

நிலைமையை மாற்றியது ஸ்காட்லாந்து. 1637-இல் அங்கே புதிய வழிபாட்டு நூலை மன்னர் திணிக்க, ஸ்காட்லாந்தியர் திரண்டெழுந்தனர். அவர்களை அடக்கப் படை வேண்டும், படைக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு மன்றம் வேண்டும். 1640 நவம்பரில் கூடிய மன்றம் கேட்டவற்றுள் பெரும்பாலானவற்றை மன்னர் கொடுத்துவிட்டார்: கப்பல் வரி சட்டவிரோதம் ஆயிற்று, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மன்றம் கூடியாக வேண்டும் என்றாயிற்று, தன் சம்மதமின்றித் தன்னைக் கலைக்க முடியாது என்ற சட்டத்தையும் மன்றம் பெற்றது. வரிதான் காரணமென்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அன்றைக்கு மன்னருக்காகப் போரிடக்கூடிய ஒரு கட்சியே நாட்டில் இல்லை.

1641 அக்டோபரில் அயர்லாந்தில் கலகம் வெடித்தது. அதை ஒடுக்கப் படை திரட்ட வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை; அப்படை யார் கையில் இருப்பது என்பதில்தான் எல்லாம் குலைந்தது. மரபுப்படி படை மன்னருடையது. ஆனால் அதே படையைத் தங்கள் மீதே ஏவிவிடுவாரோ என்று மன்றத் தலைவர்கள் அஞ்சினர். மறுபுறம், மன்றம் வரம்பு மீறுகிறது, திருச்சபையின் அமைப்பையே தகர்க்கப் பார்க்கிறது என்று உறுப்பினர்களில் பலர் மனம் மாறினர். நவம்பரில் மன்னரின் குறைகளை அடுக்கிய பெரும் முறையீடு 159-க்கு 148 என்ற கணக்கில்தான் கீழவையில் நிறைவேறியது. அந்தப் பதினொரு வாக்கு வித்தியாசத்தில்தான் உள்நாட்டுப் போரின் இரு தரப்பும் முதன்முதலில் கண்ணுக்குத் தெரிகின்றன என்பது என் கருத்து.

1642 ஜனவரி 4 அன்று, ஹாம்டன் உள்ளிட்ட ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய ஆயுதம் தாங்கியவர்களுடன் மன்னரே கீழவைக்கு வந்தார். அவர்கள் முன்பே தப்பிவிட்டிருந்தனர். எங்கே அவர்கள் என்று கேட்டபோது, சபாநாயகர் லெந்தால் மண்டியிட்டு, அவை பணித்தாலன்றித் தமக்குக் காணக் கண்ணும் பேச நாவும் இல்லை என்றார். ஆறு நாட்களில் மன்னர் லண்டனை விட்டு வெளியேறினார். மார்ச்சில், மன்னர் ஒப்புதல் இன்றியே உள்ளூர்க் காவற்படைகளைத் தன் ஆணையின்கீழ் கொண்டுவந்தது மன்றம். மன்னரும் அதே ஆட்களைத் தம் பக்கம் அழைத்து ஆணை பிறப்பித்தார். ஒரே ஊருக்கு இரண்டு ஆணைகள். ஏப்ரலில் ஆயுதக் கிடங்கு இருந்த ஹல் நகரின் வாயிலை மன்னரின் முகத்துக்கு நேரே அடைத்தார்கள். ஆகஸ்ட் 22 அன்று நாட்டிங்ஹாமில் போர்க்கொடி ஏறியது. ஒதுங்கி நிற்க நினைத்த எளிய மனிதனும் ஏதேனும் ஓர் ஆணையை மீறியே தீர வேண்டிய அந்த நிலைதான் போரைக் கொண்டுவந்தது என்று உங்கள் மாணவியிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அதே நூற்றாண்டில் எங்கள் வேலூர்க் கோட்டையிலும் அரியணைக்காக இரத்தம் சிந்தியதே, அதுவும் இது போன்றதுதானா?
– வாசகர், காட்பாடி

பதில்: இல்லை. 1614-இல் விசயநகர மன்னர் வேங்கடபதி மறைந்ததும், அவர் வாரிசாக அறிவித்த ஸ்ரீரங்கனை எதிர்த்து ஜக்கராயன் என்ற பிரபு வேறொரு சிறுவனை முன்னிறுத்தினான். ஸ்ரீரங்கனும் குடும்பத்தாரும் கோட்டைக்குள் சிறைவைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். ஸ்ரீரங்கன் பக்கம் நின்ற யாசம நாயக்கர் என்ற தலைவர் காப்பாற்றிய இராமதேவன் என்ற பிள்ளை மட்டும் எஞ்சினான். பின்னர்க் கல்லணைக்கு அருகில் தோப்பூரில் நடந்த போரில் தஞ்சை இராமதேவன் பக்கமும், மதுரையும் செஞ்சியும் எதிர்ப்பக்கமும் நின்றன. அரசனாக யார் அமர்வது என்பதே இங்கே கேள்வி. அரசனின் அதிகாரம் எதுவரை என்று அங்கே கேட்டார்கள். வரியையும் படையையும் பற்றி வாக்கெடுக்க இங்கே ஒரு மன்றம் இருக்கவில்லை. பாளையங்களும் படையும் வைத்திருந்த நாயக்கர்களே பக்கம் பிரிந்தனர்.

கேள்வி: இங்கிலாந்தின் அந்த உள்நாட்டுப் போரின் பயன் ஏதேனும் நம் சட்டத்தில் உண்டா?
– சட்டக்கல்லூரி மாணவர், வேலூர்

பதில்: உண்டு. சார்லஸ் 1649-இல் தலை வெட்டப்பட்டார். முடியாட்சி 1660-இல் திரும்பி வந்தது. 1689-இன் உரிமைச் சட்டம்தான் மன்றத்தின் இசைவின்றி வரி வாங்குவதையும் அமைதிக் காலத்தில் படை வைத்திருப்பதையும் தடைசெய்தது. நம் அரசியலமைப்பின் 265-ஆம் உறுப்பு, சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது. 53-ஆம் உறுப்பு முப்படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் அளித்து, அதைச் செலுத்தும் முறையைச் சட்டமே ஒழுங்குபடுத்த வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.