பீரோல எதைப் பூட்டணும்?

வணக்கம் சார். பொண்ணுக்கு 15 வயசு. நாலு மாசம் முன்னாடி டிப்ரஷன்னு டாக்டர் சொன்னாங்க, மாத்திரையும் கவுன்சிலிங்கும் போயிட்டிருக்கு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன்தான். எல்லாத்துக்கும் அதுதான் காரணம், பிடுங்கி பீரோல வச்சுப் பூட்டுங்கிறார் அவ அப்பா. போன வாரம் "எல்லாம் போதும்"னு ஸ்டேட்டஸ் வச்சிருந்தா, கேட்டா சும்மான்னுட்டா. போனைப் பிடுங்கலாமா?

- ஒரு அம்மா

வணக்கம்மா. நான் டாக்டர் இல்ல, படிச்சதையும் பார்த்ததையும் வச்சு சொல்றேன்.

போனுக்கு முன்னாடி அந்த ஸ்டேட்டஸ். போற போக்குல எழுதிட்டீங்க, எனக்கு அங்கதான் பக்குனு ஆச்சு. இன்னிக்கே பக்கத்துல உக்காந்து "சாகணும்னு தோணுதா கண்ணு?"ன்னு நேராவே கேளுங்க. கேட்டா நாமளே அந்த நினைப்ப உண்டாக்கிடுவோம்னு பயப்படாதீங்க, அப்படி ஆகறதில்ல, பல பசங்களுக்கு யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருக்கும். ஆமான்னு சொன்னாலோ, பதிலே சொல்லாம அழுதாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அதுவரைக்கும் தனியா விடாதீங்க. சும்மான்னே திரும்ப சொன்னாலும் ஸ்டேட்டஸ் விஷயத்த டாக்டருக்கு போன் பண்ணி சொல்லிடுங்க. பீரோல பூட்டணும்னா முதல்ல மாத்திரைங்கள பூட்டுங்க, வேளாவேளைக்கு நீங்க எடுத்துக் குடுங்க.

இப்ப போன். அவ அப்பா சொல்றதுல விஷயமே இல்லன்னு சொல்ல மாட்டேன். 2023ல அமெரிக்க சர்ஜன் ஜெனரலா (அந்த அரசோட முக்கிய பொது சுகாதார அதிகாரி) இருந்த விவேக் மூர்த்தி விட்ட அறிக்கையில, தினம் 3 மணி நேரத்துக்கு மேல சோஷியல் மீடியால இருக்கற பசங்களுக்கு மனச்சோர்வு, பதட்டம் வர்ற ரிஸ்க் ரெண்டு மடங்குன்னு இருந்துச்சு. ஆனா 2019ல ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிபில்ஸ்கின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் மூணரை லட்சம் பசங்களோட டேட்டாவ அலசிட்டு, பசங்களோட மனநலத்துல இருக்கற ஏத்த இறக்கத்துல டிஜிட்டல் சாதனங்களுக்கு இருக்கற பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம்தான்னாங்க. அது எல்லா பசங்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு. உங்க பொண்ணு ஏற்கனவே துவண்டு கிடக்கறவ. டிப்ரஷன்ல தூக்கம் வராது, ஆசையா செஞ்சதெல்லாம் சப்புன்னு ஆயிடும், அதனால கை போனுக்குப் போகும், போன் மிச்ச தூக்கத்தையும் தின்னுடும், மறுநாள் இன்னும் மோசமா விடியும், இதுல எது முதல்னு சண்டை போட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல.

தூக்கத்த மட்டும் கெட்டியா பிடிங்க. இந்த வயசுக்கு 8லேர்ந்து 10 மணி நேரம் வேணும். ராத்திரி எல்லார் போனும் ஹால்ல சார்ஜ்ல கிடக்கட்டும், எல்லார்னா அப்பாவோடதும்தான் (அங்கதான் பாதி வீட்ல இந்த ரூல் படுத்துடும்). பகல்ல விட்டுடுங்க, அவ மனசு விட்டுப் பேசற ஒரே ஃப்ரெண்ட் அந்த போனுக்குள்ள இருக்கலாம், மொத்தமா பிடுங்கினா அந்தக் கதவும் சாத்திடும்.

இன்னொண்ணு, சோகமான வீடியோ ஒண்ணுல கொஞ்சம் நின்னா போதும், ஆப் அதையே தேடித்தேடி கொண்டு வந்து கொட்டும், கைய அறுத்துக்கற வீடியோ வரைக்கும் போகும். வேவு பார்க்காதீங்க, "என்னடி வருது உனக்கு, காட்டு"ன்னு கேட்டு கூட உக்காந்து பாருங்க, வேண்டாததுக்கு 'நாட் இன்ட்ரஸ்டட்' அவளையே அழுத்தச் சொல்லுங்க. அப்படி என்ன வந்துச்சுங்கறதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

ஸ்டேட்டஸ் பத்தி கேட்டீங்களா, என்ன சொன்னான்னு எனக்கு ஒரு வரி எழுதுங்கம்மா.