முழங்கால் போட்டாலும் கண்ணீர் வரல அக்கா!

கேள்வி: அக்கா, நான் காரைக்குடியில வீட்டுலயே பலகாரம் போட்டு விக்கிறேன், வயசு 43. பத்து வருஷம் முன்னாடி ஜெபத்துல உக்காந்தாலே கண்ணீரா ஊத்தும், ஆண்டவர் பக்கத்துலயே இருக்க மாதிரி இருக்கும். இப்ப ஒண்ணுமே இல்ல. படுக்க ராத்திரி பதினொண்ணு ஆயிருது, நாலு மணிக்கு எந்திரிச்சு பைபிளை விரிச்சா வெறும் எழுத்துதான் தெரியுது. சபையில ஒரு சிஸ்டர் "உனக்குள்ள மறைவான பாவம் இருக்கு"ன்னுட்டாங்க. ஆண்டவர்கிட்ட நெருங்கணும்னு ஏக்கமா இருக்கு, என்ன செய்ய?

– பேர் போட வேண்டாம், காரைக்குடி

பதில்: ஏம்மா, மொதல்ல அந்த சிஸ்டர் சொன்னதைத் தூக்கி ஓரமா வைங்க. பாவம்னு ஒண்ணு இருந்தா அது எதுன்னு உங்களுக்கே தெரியும், அறிக்கை பண்ணிட்டுப் போயிரலாம், எதுன்னே தெரியாத பாவத்தைத் தேடி மனசைக் குடைஞ்சுகிட்டு இருந்தா அது ஜெபமே இல்ல.

42-ம் சங்கீதம் எடுங்க. மான் நீரோடைக்குக் கதறுற மொத வசனம் எல்லாருக்கும் மனப்பாடம், காலண்டர்ல கூட போட்டுருக்கான். நாலாவது வசனத்தைத்தான் யாரும் நின்னு படிக்கிறதில்ல. பண்டிகைக் கூட்டத்தோட பாட்டும் துதியுமா ஆலயத்துக்குப் போன பழைய நாளை நெனைச்சு அதைப் பாடுன மனுசன் உள்ளுக்குள்ள உருகுறாரு, நீங்க "பத்து வருஷம் முன்னாடி"ன்னு எழுதுன மாதிரியேதான்! கடைசி வசனத்துலயும் அந்த நாள் திரும்பி வந்துச்சுன்னு இல்ல, இன்னும் துதிப்பேன்னு நம்பிக்கையோட நிறுத்திக்கிறாரு. 88-ம் சங்கீதத்துல அதுகூட கெடையாது, கடைசி வரி வரைக்கும் புலம்பல்தான். அதையும் வேதத்துல வச்சுத்தான் இருக்கு, யாரும் கிழிச்சுப் போடல. ஆக ஏங்குறவங்க தூரமாப் போனவங்கன்னு நெனைக்காதீங்க, தூரமாப் போனவங்களுக்கு ஏக்கமே வராது.

ஆனா உங்க கடுதாசியில என்னைய உறுத்துனது வேற. அஞ்சு மணி நேரத் தூக்கம்! எலியா தீர்க்கதரிசி கதையை 1 இராஜாக்கள் 19-ல பாருங்க. செத்துட்டாத் தேவலைன்னு சூரைச்செடிக்குக் கீழ படுத்துட்டாரு. தூதன் வந்து பிரசங்கமா பண்ணுனான்? தட்டி எழுப்பி, தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் குடுத்தான் (நம்ம தமிழ் பைபிள்ல அடைன்னேதான் இருக்கு). தின்னுட்டு மறுபடி படுத்துத் தூங்குனாரு, திரும்ப எழுப்பி திரும்பவும் சாப்பாடு. ஆண்டவரோட அந்த மெல்லிய சத்தம் கேட்டது அதுக்கப்புறம் நாப்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனப்பதான்.

அடுப்படியில நிக்கிறவங்களுக்குன்னே இன்னொருத்தர் இருக்காரு, 17-ம் நூற்றாண்டுல பாரிஸ் கார்மேல் மடத்துல இருந்த சகோதரர் லாரன்ஸ். சமையக்கட்டு வேலை அவருக்கு சுத்தமாப் பிடிக்காது, மாட்டிவிட்டது அங்கதான், அப்படியும் சட்டியில முட்டையைத் திருப்பிப் போடுறதைக்கூட ஆண்டவர் மேல உள்ள பிரியத்துல செய்யுறேன்னாரு. அவரும் மொத பத்து வருஷம் மனசுக்குள்ள படாத பாடுபட்டிருக்காரு, அதைச் சொல்லாம விட்டுட்டா அவர் என்னமோ பொறந்ததுலருந்தே சந்தோஷமா இருந்த மாதிரி ஆயிரும்.

அதனால நாலு மணியை விடுங்க, அஞ்சரை வரைக்கும் தூங்குங்க. ஜெபத்தை எண்ணெய்ச்சட்டிகிட்ட வச்சுக்கங்க, ஒவ்வொரு ஈடு வேகுற நேரத்துல "ஆண்டவரே, ஒண்ணும் தோணல, ஆனா இருக்கேன்"னு சொன்னாப் போதும், அழுகை வருதான்னு பாக்காதீங்க. ஒரு மாசம் நல்லாத் தூங்கியும் எதுலயுமே மனசு ஒட்டலேன்னா டாக்டர்கிட்ட போங்க, அது அவிசுவாசம் ஆகாது. அப்புறம் ஞாயித்துக்கிழமை அடுப்பே பத்த வைக்க வேணாம். கல்யாணச் சீர் பலகாரம் கேட்டு ஆச்சிமார் போன் பண்ணுனா திங்கக்கிழமை தாரேன்னு சொல்லுங்க, உங்க கை மணகோலப் பலகாரத்துக்கு ஒரு நாள் காத்திருக்க மாட்டாங்களா என்ன!