வலி தணிப்பும் அரசின் பொறுப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பக்கவாதத்தால் மூன்றாண்டுகளாகப் படுக்கையில் இருக்கும் என் பெரியப்பாவைப் பார்க்க வாரந்தோறும் ஒரு தொண்டு நிறுவனத்தார் வருகிறார்கள். அவர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். ஆயினும் வரி வாங்கும் அரசு செய்யவேண்டிய வேலையை இவர்கள் சுமப்பது, அரசைப் பொறுப்பிலிருந்து தப்பவிடுவதாகாதா?

கா., திண்டுக்கல்

அன்புள்ள கா.,

நியாயமான ஐயம்தான். ஆனால் நீங்கள் சொல்லும் இதே பணியில் கேரளத்தின் அனுபவம் வேறாக இருந்தது. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து, இனிக் குணமாக்க முடியாது என்று கைவிடப்பட்ட புற்றுநோயாளிகளின் வலியைத் தணிப்பதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். எழுந்து வர முடியாத நோயாளியைத் தேடி அவரது வீட்டுக்கே போகவேண்டியிருந்தது. அதற்கு மருத்துவர்கள் போதவில்லை என்பதால், வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடிய ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். மலப்புறம் மாவட்டத்தில் இது ஊர் ஊராகப் பரவியபோது, செலவின் பெரும்பகுதி உள்ளூர்க்காரர்கள் தந்த சிறு தொகைகளிலிருந்தே வந்தது. படுக்கைப்புண்ணுக்கு மருந்திடுவதோடு நில்லாமல், அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்றும் அவர்கள் பார்த்தார்கள். அண்டைவீட்டார் கண்ணில் படுகிற இவையெல்லாம் அரசுப் பதிவேட்டில் ஏறுவதில்லை.

இப்படிக் கண்முன் நடந்துகொண்டிருந்த வேலையை முடியாதென்று அரசு சொல்வதற்கில்லை. 2008-ல் கேரள அரசு, இந்திய மாநிலங்களில் முதலாவதாக, இதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. அதன்பின் செவிலியரை வீடு வீடாக அனுப்பும் பொறுப்பு ஊராட்சிகளிடம் வந்தது.

அரசு மட்டுமே செய்யக்கூடியவையும் உண்டு. அபினிச் செடியைச் சட்டப்படி பயிரிடும் நம் நாட்டில், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு அஞ்சிப் பல மருத்துவமனைகள், அபினியிலிருந்து எடுக்கப்படும் வலி மருந்தான மார்ஃபினையே வைத்திருக்கவில்லை. தொண்டர்கள் பல ஆண்டுகள் வலியுறுத்தினார்கள் என்றாலும், 2014-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியது நாடாளுமன்றம்தான்.

எனக்குள்ள கவலை வேறு. பெருநிதி ஒன்றை மட்டுமே நம்பி நடக்கும் நிறுவனம், அந்த நிதி நின்ற மாதமே நோயாளியைவிட்டுப் போய்விடும். ஆகவே உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் பணம் எங்கிருந்து வருகிறதென்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அளிக்க இடமுண்டு. பெரியப்பாவின் பெயர் அதில் பதிவாகியிருக்கிறதா என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். இல்லையெனில் பதியச் சொல்லுங்கள். அதன்பிறகும் தொண்டு நிறுவனத்தார் வந்துகொண்டிருக்கட்டும்.