நாள் குறித்துக் கொடுக்கும் முன் வீட்டையும் கேளுங்கள்

வாசகர் கேள்வி-பதில்: தனி ஆளாகத் தொழில் நடத்துவோரிடமிருந்தும் அவர்கள் குடும்பத்தாரிடமிருந்தும் வந்த மூன்று கடிதங்கள்

கேள்வி: வீட்டிலிருந்தபடியே நூல்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்து தருகிறேன். உதவிக்கு ஆள் கிடையாது. வேலை பிடிப்பதும் முடிப்பதும் பணம் வசூலிப்பதும் நானே. குழந்தைகளோடு கூடுதல் நேரம் இருக்கலாம் என்று நம்பித்தான் பார்த்துவந்த வேலையை விட்டு இதைத் தொடங்கினேன். ஆனால் கெடு நெருங்கும்போதெல்லாம் அவர்களிடம் எரிந்து விழுகிறேன். அவர்கள் தூங்கிய பிறகு மறுபடியும் கணினி முன் உட்காருகிறேன். கால அட்டவணை போட்டுப் பார்த்தேன், ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: சகோதரி, கால அட்டவணையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள்; ஆனால் வாடிக்கையாளருக்கு எப்படி நாள் குறித்துக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு நிறுவனத்தில் வேலை பிடிப்பவர் ஒருவர், செய்பவர் வேறொருவர். முன்னவர் அவசரப்பட்டு நாள் கொடுத்துவிட்டால், "அதற்குள் முடியாது" என்று பின்னவர் தடுக்கலாம். தனி ஆளாகத் தொழில் செய்பவருக்குத் தடுக்க ஆள் இல்லை. "வெள்ளிக்கிழமை தந்துவிடுகிறேன்" என்று தொலைபேசியில் சொன்ன அந்த நொடியிலேயே வியாழக்கிழமை இரவு யாருக்குச் சொந்தம் என்பது முடிவாகிவிடுகிறது. இடையில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், எழுத்தாளர் பாதி நூலை மாற்றி எழுதி அனுப்பினாலும், அந்த வாக்கைக் காப்பாற்றத் தேவையான நேரம் வீட்டின் பங்கிலிருந்துதான் போகும். வாடிக்கையாளர் தமக்குரியதைக் கேட்டு வாங்கிக்கொள்வார், குழந்தைக்கு அப்படிக் கேட்கத் தெரியாது.

நாள் குறிப்பதில் ஏறத்தாழ எல்லோருமே தவறுகிறார்கள் என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். ஒரு வேலைக்கு ஆகும் காலத்தைக் குறைத்து மதிப்பிடும் இந்த மனப்போக்கை டேனியல் கானெமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979இல் விளக்கினார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டபோது, அவர்கள் சராசரியாகச் சொன்னது ஏறத்தாழ 34 நாள். உண்மையில் ஆனதோ 55 நாளுக்கும் மேல். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கும் அவர்கள் 49 நாளுக்குச் சற்றுக் குறைவாகவே சொல்லியிருந்தார்கள். கடைசி நேர நெருக்கடிக்கு இடம்விட்டு யோசிக்கச் சொன்னபோதுகூட மனம் போதிய இடம் விடவில்லை.

ஆகவே, இனி மனக்கணக்கை நம்பாமல் பழைய வேலைகளின் கணக்கை எடுங்கள். 120 பக்க நூல் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 12 பக்கம் முடிக்கிறீர்கள் என்றால், பத்து மணி நேர வேலை, இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று மனம் சொல்லும். ஆனால் கோப்பு எழுத்துரு மாறி வந்ததைச் சரிசெய்தது, அட்டவணைகளைத் தனியே அமைத்தது, பிழை பார்க்க அனுப்பிய முதல் மெய்ப்பு திரும்பி வந்ததும் திருத்தங்களை ஏற்றியது, அதனால் பக்கங்கள் நகர்ந்து பொருளடக்கத்தை மீண்டும் போட்டது, இடையிடையே பதில் எழுதியது, கடைசியில் பில் அனுப்பிப் பணத்துக்கு நினைவூட்டியது ஆகியவற்றையெல்லாம் கூட்டிப் பாருங்கள். பத்து மணி நேரம் பதினேழு, பதினெட்டு ஆவது வியப்பில்லை. முடித்த நாலைந்து வேலைகளுக்கு இப்படி எழுதிப் பார்த்தால் உங்களுக்கே உரிய பெருக்கல் எண் ஒன்று கிடைக்கும். அடுத்த வேலைக்கு அந்த எண்ணால் பெருக்கிய நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு வாரத்தில் உங்களுக்கு மெய்யாகவே கிடைக்கும் மணி நேரங்களை எண்ணுங்கள். குழந்தைகளைப் பள்ளியில் விட்டு அழைத்துவருவது, அவர்களுடைய சாப்பாடு, வீட்டுப்பாடம் எல்லாவற்றுக்கும் உரியதை முதலில் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் நீங்கள் விற்கக்கூடிய நேரம். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தொழிலுக்குக் கொடுத்தது போக மிச்சம் வீட்டுக்கு என்று வைக்கிறார்கள், மிச்சம் என்று ஒன்று இருப்பதே இல்லை. யாராவது புது வேலையோடு அழைத்தால், "பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் நாள் சொல்கிறேன்" என்று வைத்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காக வாடிக்கையாளர் ஓடிவிடமாட்டார், உங்களுக்கோ அந்த வாரத்தின் மாலைகள் மிஞ்சும். மெய்ப்பு எத்தனை முறை திருத்தித் தரப்படும் என்பதையும், அதற்கு மேற்பட்டால் தனிக் கட்டணம் என்பதையும் முதலிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். உங்கள் இரவுகளைத் தின்பதில் பெரும்பங்கு எல்லையில்லாமல் வரும் திருத்தங்களுக்குத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

இப்படிக் கணக்கிட்டால் நாள் கூடும், சில வேலைகள் கைநழுவும். அந்த இழப்பை நான் சிறிதென்று சொல்லவில்லை. ஆனால் கிடைக்கும் நேரத்துக்குள் செய்யும் வேலையின் வருமானம் போதவில்லை என்று தெரிந்தால், உயர்த்த வேண்டியது உங்கள் கட்டணத்தை. இரவு நேர வேலையைக் கூட்டிக்கொண்டே போவது அந்தக் குறையை மறைத்து வைக்க மட்டுமே உதவும்.

கேள்வி: என் கணவர் வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்க்கும் தொழிலைத் தனியாகச் செய்கிறார். ஞாயிறு என்பதே கிடையாது. சாப்பிடும்போதும் கைப்பேசி ஒலித்தால் எழுந்துவிடுவார். கேட்டால், "எல்லாம் உங்களுக்காகத்தானே" என்கிறார். அதில் நியாயமும் இருப்பதால் சண்டையிடவும் மனம் வரவில்லை.

பதில்: அம்மா, அந்தக் கைப்பேசி ஒலிக்கும்போது அவர் காதில் விழுவது, எடுக்காவிட்டால் வேறொருவருக்குப் போய்விடப்போகும் வேலை. அந்தப் பயம் பொய்யல்ல. அதனால், "எங்களோடும் கொஞ்சம் இருங்கள்" என்று மட்டும் கேட்டால் அவரால் ஒப்புக்கொள்ள முடியாது. ஒரு நாள் அவரோடு உட்கார்ந்து, கடந்த ஒரு மாதத்தில் இரவு எட்டு மணிக்குப் பிறகு வந்த அழைப்புகளைக் கைப்பேசியில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எவை புது வேலை, எவை "எப்போது வருவீர்கள்" என்ற விசாரிப்பு, எவை மறுநாள் காலையில் பேசியிருந்தாலும் கெட்டுப்போகாதவை என்று பிரியுங்கள். பழுதான குளிர்சாதனப் பெட்டிக்குள் மருந்து வைத்திருப்பவரின் அழைப்பும், துணி துவைக்கும் இயந்திரத்தில் சத்தம் வருகிறது என்பவரின் அழைப்பும் ஒன்றல்ல. விசாரிப்புகளே மிகுதி என்று தெரியவந்தால், மாலையில் வேலையை நிறுத்தும் முன், காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் வரும் நாளையும் நேரத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாலே இரவு அழைப்புகள் பெருமளவு குறையும். மீதிக்கு, காலை எத்தனை மணிக்கு அழைப்பார் என்று சொல்லும் தானியங்கிச் செய்தி ஒன்று போதும்.

வேலை நேரத்தைப் பற்றியும் அவரிடம் பேசித்தான் ஆக வேண்டும். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 விழுக்காடும், இதய ரத்தக்குழாய் அடைப்பு நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் கூடுதல் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் கூட்டாக அறிவித்தன. தனி ஆள் நடத்தும் தொழிலில் அவர் படுத்தால் வருமானமும் அன்றே படுத்துவிடும். குடும்பத்துக்காக உழைக்கிறேன் என்பவரிடம் எடுத்துச் சொல்ல இதைவிட நேரான கணக்கு எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் மனம் பாதியில் விட்ட வேலையிலேயே உழன்றுகொண்டிருப்பது இன்னொரு தொல்லை. முடிக்காத வேலையை எப்போது, எப்படி முடிக்கப்போகிறோம் என்று திட்டவட்டமாக எழுதி வைத்தவர்களுக்கு அந்த நினைவு குறுக்கிடுவது குறைந்தது என்று 2011இல் அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் சோதனை செய்து காட்டினார்கள். கருவிப்பையை மூடும் முன், நாளை முதலில் போக வேண்டிய வீடு, வாங்கிச் செல்ல வேண்டிய உதிரிபாகம் இரண்டையும் ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பேடு இருக்கும் இடம் உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். அவருக்கு உடல்நலமில்லாத நாளில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று தேடித் தவிக்க வேண்டியிராது.

நீங்களே அழைப்புகளை எடுத்து உதவலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வரக்கூடும். விருப்பமிருந்தால் செய்யுங்கள். ஆனால் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்பதையும், அதற்குத் தொழில் கணக்கிலிருந்து உங்களுக்கு என்ன தரப்படும் என்பதையும் பேசி முடித்துவிட்டுத் தொடங்குங்கள். உதவி என்று தொடங்கும் வேலை, கூலியும் முடிவும் இல்லாத கடமையாக மாறி மனைவியர் தலையில் விழுவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் நிழற்படக் கலைஞர். சில மாதங்களில் மூச்சுவிட நேரமில்லை, சில மாதங்களில் வேலையே இல்லை. தொழில் பணமும் வீட்டுப் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் இருப்பதால் வீட்டில் அடிக்கடி வாக்குவாதம். இதற்கு வழி உண்டா?

பதில்: இரண்டு கணக்காகப் பிரித்துவிடுங்கள். வாடிக்கையாளர் தரும் பணம் முழுவதும் தொழில் கணக்குக்கு வரட்டும். அதிலிருந்து மாதந்தோறும் ஒரே தொகையைச் சம்பளம் போல வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். அந்தத் தொகையை நல்ல மாதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஓராண்டு வரவிலிருந்து செலவையும் வரியையும் கேமரா பழுதுக்கான ஒதுக்கீட்டையும் கழித்து, மீதியைப் பன்னிரண்டால் வகுத்து, அதிலும் சற்றுக் குறைத்து வையுங்கள். முன்பணமாக வாங்கிய தொகை, வேலை முடியும் வரை உங்களுடையதன்று என்பதையும் நினைவில் வையுங்கள். வேலை நின்றுபோனால் திருப்பித் தர வேண்டியிருக்கலாம்.

ஒருவரே உரிமையாளராக நடத்தும் தொழிலில் சட்டம் பொதுவாகத் தொழிலையும் உரிமையாளரையும் வேறாகப் பார்ப்பதில்லை. தொழிலுக்கு வாங்கிய கடன் உங்கள் சொந்தச் சொத்து வரைக்கும் வரும். எனவே கேமராவுக்கோ விளக்குகளுக்கோ கடன் வாங்கும் முன் வீட்டில் சொல்லிவிட வேண்டும். மாதச் சம்பளம் இவ்வளவு, கையிருப்பு இத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டால், வேலையில்லாத மாதத்தில் கிடைத்ததையெல்லாம் பயந்துபோய் ஒப்புக்கொள்ளும் நிலை வராது. அந்த மாதத்தைக் குடும்பத்தோடு கழிக்க முன்கூட்டியே திட்டமிடவும் முடியும்.