அண்ணனுக்கு ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், எனக்கும் பி27 பாசிட்டிவ்: பதில்

வணக்கம். அண்ணனுக்கு ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், அதாவது முதுகெலும்பு மூட்டுகளில் வரும் நாள்பட்ட அழற்சி நோய். உங்களுக்கு 28 வயது, முதுகுவலியே இல்லை, ஆனால் அந்த நோயோடு தொடர்புள்ள மரபணு வகையான எச்எல்ஏ-பி27 பாசிட்டிவ் என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அது நோய் அல்ல, நோய் வரும் வாய்ப்பு மட்டுமே. கூடப்பிறந்தவருக்கு இருப்பதால் அந்த வாய்ப்பு கூடும். அப்போதும் நோய் வராதவர்களே அதிகம். இந்தியாவில் பரவலாக உள்ள பி27-இன் உள்வகைகளான 27:04, 27:05 இரண்டுமே நோயோடு தொடர்புள்ளவை. ஆகவே உள்வகைப் பரிசோதனைக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

வலி வந்தால் அதன் குணத்தைப் பாருங்கள். 3 மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா? காலையில் அரை மணி நேரத்துக்கும் மேல் விறைப்பா? நடந்தால் குறைந்து, ஓய்வெடுத்தும் தணியாமல், பின்னிரவில் எழுப்பிவிடுகிறதா? அப்படியானால் ருமட்டாலஜிஸ்ட்டிடம் (மூட்டு, வாத நோய் மருத்துவர்) போங்கள். பலர் டிஸ்க் பிரச்சினை என்று ஆண்டுக்கணக்கில் ஏமாறுவது இங்கேதான். தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே தெரியலாம், அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சிஆர்பியும் நார்மலாக வரலாம். முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் சேக்ரோஇலியாக் மூட்டுக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கண் சிவந்து வலித்து, வெளிச்சம் கூசினால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

அண்ணனுக்கு, அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தை அடக்கும் மருந்தை ஊசியாகப் போடப்போவதாகச் சொன்னீர்கள். அதற்கு முன் மார்பு எக்ஸ்ரேயும், டிபி தொற்றைக் கண்டறியும் மாண்டூ (தோல்) அல்லது இக்ரா (ரத்த) பரிசோதனையும் கட்டாயம். உடலில் உறங்கிக் கிடக்கும் டிபி இந்த ஊசியால் விழித்துக்கொள்ளலாம். டிபி இவ்வளவு பரவியுள்ள நம் நாட்டில் இதை விட்டுவிடவே கூடாது.