தூக்கம் தூக்கமா வருது, வேலையையும் விட முடியல: அக்காகிட்ட கேளுங்க

மனநல வார்டுல நர்ஸா இருந்து ரிட்டயர்ட் ஆனவ நான், டாக்டர் இல்ல, அத மனசுல வச்சுக்கிட்டு கேளுங்க.

கேள்வி (மண்டபம்): அக்கா, விசைப்படகுல கூலிக்குப் போறேன். கரையில இருக்குற நாள் பத்து மணி நேரம் தூங்குனாலும் அசதி போக மாட்டேங்குது, வலை மடி இழுக்கையிலயே கண்ணு சொருகுது, எதுலயும் பிடிப்பில்ல. ஓனர்கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டேன், நிக்கவும் முடியாது.

பதில்: தம்பி, மனச்சோர்வுன்னா தூக்கம் வராம கெடக்குறதுன்னு தான் நெனைக்கிறாங்க, சில பேருக்கு அது தூக்கமாவே வந்து அமுக்கும், சோம்பேறின்னு திட்டு வாங்குறதும் இவங்க தான். ஆனா எடுத்த எடுப்புல மனசுன்னு முடிவு கட்டாத. ராம்நாடு பெரிய ஆஸ்பத்திரி ஓபியில தைராய்டு, ஹீமோகுளோபின், சுகர் பாக்கச் சொல்லு, குறட்டை விட்டு நடுவுல மூச்சு நிக்குதான்னு வீட்டுல கேளு, அது இருந்தா எவ்வளவு தூங்குனாலும் பத்தாது. எல்லாம் நார்மல்னா மனநல டாக்டரப் பாரு. ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் வரட்டும், 61 நாள் சும்மா தான இருப்போம்னு தள்ளாத. அதுவரைக்கும் வலைய இழுக்குற வின்ச் மெஷின் பக்கம் நிக்காம டிரைவர்கிட்ட சொல்லி மீன் பிரிக்கிற வேலைய வாங்கிக்க, வெக்கப்பட்டா கை போயிரும். கரைக்கு வந்து ஒரு கட்டிங் போட்டா நல்லா தூங்கலாம்ங்குறதெல்லாம் சும்மா, பாதி ராத்திரியில முழிப்பு தட்டும், மறுநாள் மனசு இன்னும் சோந்து போகும். செத்துரலாம்னு நெனப்பு வந்துச்சுன்னா அன்னைக்கு கடலுக்குப் போகாத, யாரயாச்சும் கூட வச்சுக்கிட்டு 14416க்கு அடி, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், ஃப்ரீ, எந்நேரமும் தமிழ்ல பேசுவாங்க.

கேள்வி (சின்னப்பாலம்): கடல்பாசி எடுக்கப் போறேன்க்கா, அரிப்புக்கு கடையில மாத்திர வாங்கிப் போடுறேன், பகல் பூரா தூக்கம்.

பதில்: அவில், செட்ரிசின் மாதிரி தான? அது தூக்கத்தக் குடுக்கும், போட்டுட்டு தண்ணிக்குள்ள முங்காத தாயி. ரத்தம் கம்மியான்னும் ஒரு டெஸ்ட் பாத்துரு.

கேள்வி (தங்கச்சிமடம்): மீன் கம்பெனில பில் போடுறேன். டிப்ரஷன் மாத்திரை ஆரம்பிச்சு பத்து நாள், மனசும் மாறல, தூக்கம் தான் கூடிருச்சு. நிறுத்திரவா?

பதில்: நீயா நிறுத்தாத, திடீர்னு விட்டா தலை சுத்தல், படபடப்பு வரும். தொந்தரவு முதல்ல வரும், பலன் தெரிய ரெண்டுலருந்து ஆறு வாரம் கூட ஆகும். ராத்திரி போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளு, சில பேருக்கு மேட்டர் அதோட முடிஞ்சிரும்.

கேள்வி (கீழக்கரை): அண்ணன் வேலைக்கும் போகாம படுத்தே கெடக்குறாரு. ஏர்வாடி தர்காவுல தங்க வைங்கன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க.

பதில்: துஆ (பிரார்த்தனை) கேக்கக் கூட்டிட்டுப் போங்க, அதுல தப்பே இல்ல. ஆனா 2001 ஆகஸ்ட்ல அங்க ஒரு தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேரு செத்தாங்க, சங்கிலில கட்டியிருந்ததால ஓட முடியல. அதுக்கப்புறம் தான் அரசாங்கம் அந்தக் காப்பகங்கள மூடுச்சு. இப்ப தர்காவுலயே துஆவோட சேத்து மருந்தும் குடுக்குற அரசுத் திட்டம் இருக்கு, போனா அந்த டாக்டரப் பாத்துட்டு சாயங்காலம் அண்ணன வீட்டுக்கே கூட்டிட்டு வந்துருங்க.